பெயருக்குப் பின் தொழில்

...அதிலும் தொழிலைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் வைத்தானோ தெரியவில்லை, முதலில் பெயர், அப்புறம் ஊர், அப்புறம் தொழில், உடனே எல்லாரும் கைதட்டு, நீ உட்கார், அடுத்த ஆள் எழுந்திரு... பதினான்கு வருஷமாக நானும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது போல யோசனையே இல்லாமல், சென்னகிருஷ்ணன், கணபதி, வார்ப்படம் என்று, கணபதி இங்கே நான் குடியிருக்கிற பேட்டை. எங்கள் நொய்யல் தோழமைச் சங்கத்தில் இதற்குச் சுற்று என்று பெயர். புது உறுப்பினர்களை மைக்கில் அறிமுகம் செய்து, சட்டையில் பேட்ஜ் குத்தியானதும், பழைய ஆட்கள் ஒவ்வொருவராக அவர்களிடம் போய்க் கைகொடுத்து, சபைக்கே கேட்கிற மாதிரி தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த எட்டு மாதமாகப் புது ஆள் யாரும் சேரவில்லை, அதனால் சுற்றும் இல்லை, நானும் தப்பித்தேன். இன்றைக்கு இரண்டு பேர் சேருகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சுற்று வரும், நான் எழுந்து பெயரைச் சொல்வேன், ஊரைச் சொல்வேன், அப்புறம்? வார்ப்படம் என்று எந்த வாயால் சொல்வது? இரும்பு வார்க்கிற என் ஃபவுண்டரியை ஆவணியோடு மூடியாகிவிட்டது, இப்போது சித்திரை, இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஒருத்தரிடமும் நான் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம்தான்... ஆனால் சங்கத்தின் சட்டம் அப்படி. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள். நூல் வியாபாரத்துக்குக் கோபாலசாமி, மரக்கடைக்கு பஷீர், தேங்காய் எண்ணெய் ஆலைக்கு எங்கள் தலைவர் காங்கேயம் திருமூர்த்தி, வார்ப்படத்துக்கு நான். ஒரே தொழில்காரர் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்தால் சேவையைப் பேச மாட்டார்கள், சரக்கைப் பேசுவார்கள் என்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நினைத்திருக்கிறார்கள், கோயமுத்தூர்க்காரர்களை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, தொழில் போனால் நாற்காலியும் போகும். சோடா கம்பெனிக்காரர் ஒருவர் இருந்தார், பெரிய கம்பெனி பாட்டில்கள் பெட்டிக்கடை வரைக்கும் வந்து அவர் தொழிலைத் தின்றுவிட்டன, அவரே எழுந்து சொல்லிவிட்டு விலகினார், நாங்களும் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தோம். அப்புறம் ஒருநாள் இதோ கீழே இருக்கிற காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன், பையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உக்கடம் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். சங்கம் எப்படி, யார் தலைவர், ஒன்றும் கேட்கவில்லை. "வியாழக்கிழமையானா இன்னும் அந்த வெங்காய போண்டாதானுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான், பஸ் வந்துவிட்டது. அந்த போண்டாதான் இப்போது என் தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது.

"சாப்புடுங்க, போண்டால எங்கீங்க சர்க்கரை வரப்போகுது," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கோபாலசாமி தட்டை என் பக்கமாக நகர்த்துகிறார். இந்த மனுஷன் கொஞ்ச நாளாக என்னிடம் சர்க்கரை, முழங்கால், பேத்தியின் காதுகுத்து, இப்படியே பேசுகிறார். வயசாகிவிட்டது போலும், அவருக்கா எனக்கா... லாட்ஜ் மாடியில் இந்த ஹாலை எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு விடுகிறார்கள், ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக்கென்கிறது, ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் வேர்வை. திருமூர்த்தி மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், "அலோ, கேக்குதுங்களா?" கேட்கிறது, கேட்காமல் என்ன. சரி, என்னவென்றுதான் சொல்வது? தொழிலதிபர்? தூ, மில் வைத்திருப்பவனே அப்படிச் சொல்லக் கூசுகிறான். ஓய்வு? ஓய்வு என்றால் அரசாங்க உத்தியோகமா பார்த்தேன். ஃபவுண்டரி கொட்டகையை பிஸ்கட் மொத்த வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக விட்டிருக்கிறேனே, கிடங்கு வாடகை என்று சொல்லலாமா? சென்னகிருஷ்ணன், கணபதி, பிஸ்கட் பெட்டி... சிரிப்பு வந்துவிட்டது, இருமிச் சமாளித்தேன். கோபாலசாமி தண்ணீர் டம்ளரை எடுத்துக் கையில் கொடுக்கிறார். இவ்வளவு கவனிப்பு என்றைக்கு ஆரம்பித்தது?

ஆவணியில் ஒரு புதன்கிழமை கடைசியாக இரும்பு ஊற்றினோம். பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தாங்களே ஃபவுண்டரி போட்டுக்கொண்டார்கள், மிச்சமிருந்தவர்கள் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தார்கள், கரண்ட் இருந்தால் ஆர்டர் இல்லை, ஆர்டர் வந்த அன்றைக்குக் கரண்ட் இல்லை, எத்தனை நாள் இழுத்துக்கொண்டு கிடப்பது. ஆட்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பினேன், அதில் எனக்குக் குறை இல்லை, உலையைப் பிரித்தவர்கள் செங்கல்லை ஒன்றுவிடாமல் எண்ணி அடுக்கினார்கள், நான் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அழுகை வரும் என்று பயந்துகொண்டு போனவனுக்குப் பசிதான் வந்தது. வீட்டுக்கு வந்து மூன்று தரம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். வெங்கடலட்சுமி ரசப் பாத்திரத்தையே என் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவளுக்கென்ன, என்னை முப்பது வருஷமாகச் சகித்துக்கொண்டிருப்பவள், அவளிடம் எதை மறைப்பது? ஆனால் வியாழக்கிழமை வந்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள், எங்கள் வீட்டுத் தெலுங்கில், குரலை உயர்த்தாமல், இன்றைக்காவது சொல்லிவிடப் போகிறீர்களா இல்லையா, கடனா வாங்கிவிட்டீர்கள், களவா செய்துவிட்டீர்கள், கம்பெனியை மூடியதற்கு எதற்கு இந்தத் திருட்டு முழி? சொல்கிறேன், சொல்கிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன். அப்படியே தைப்பொங்கல் வந்தது, சிவராத்திரி வந்தது, இப்போது மாங்காயும் வந்துவிட்டது. இன்றைக்கு அவள் கேட்கவே இல்லை, சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கௌரவம்தான் காரணமா? கௌரவமும்தான், இல்லை என்று யாரிடம் பொய் சொல்வது. ஆனால் அது மட்டும் இல்லை. கண் முகாம் இருக்கிறதே... மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிணத்துக்கடவுப் பக்கம் வேனை எடுத்துக்கொண்டு போவோம், கண் தெரியாதவர்களைத் தோட்டம் தோட்டமாகப் போய் ஏற்றிக்கொண்டு வருவோம், ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வேலை என்னுடையது. உலைச் சத்தத்தில் கத்திக் கத்தியே பெருத்த குரல், காது கேளாதவர்களுக்கும் கேட்கும். மாசாணியம்மாள் என்று ஒரு அம்மா, கட்டுப் பிரித்ததும் எதிரில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தத்த வெச்சு நல்ல செவப்பா, ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க, போங்க," என்றார். வார்டே சிரித்தது, நர்ஸ் சிரித்தாள், நானும்தான், அன்றைக்கு ஃபவுண்டரியில் ஒரு லோடு முழுக்க ரிஜெக்ட் ஆகியிருந்தது, எனக்கு அது ஞாபகமே வரவில்லை. இந்த நாற்காலி போனால் அந்த சனிக்கிழமையும் போகும். அந்த வேனில் யார் ஏறுவார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன், பிஸ்கட் பெட்டியை எண்ணுவேனா? இதைப் போய் மைக்கைப் பிடித்துச் சொல்ல முடியுமா, ஐயா, என்னை வேனிலிருந்து இறக்கிவிடாதீர்கள் என்று? ஐம்பத்தெட்டு வயசில் அப்படிக் கேட்க எனக்கு நாக்கு வளையவில்லை.

முதல் ஆள் ஜாஹிதா. நூறடி ரோட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிற பெண், பஷீர் எழுந்து அறிமுகம் செய்கிறார், எப்போதும் போல ஆரம்பத்திலேயே தடம் மாறித் தேக்கு மரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். ஊர் உக்கடம், இரண்டு பெண் குழந்தைகள், எங்கள் ரத்ததான முகாம்களுக்கு இத்தனை வருஷமாகக் கூலி வாங்காமல் வேலை பார்த்தவர், தொழில் ரத்தப் பரிசோதனை, கைதட்டு. பேட்ஜ் குத்த வந்தவரிடம் அந்தப் பெண் சட்டென்று கையை நீட்டி, "குடுங்க சார், ஊசி புடிக்கறது எனக்குப் பழக்கம்தான்," என்று வாங்கித் தானே குத்திக்கொண்டாள். நல்லா இருக்கிறது, சங்கத்துக்கு இப்படி ஒரு ஆள் வேண்டும்தான். நானும் தட்டினேன், தட்டும்போதே என் கையைப் பார்த்தேன், நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, பதினாறு வயசிலிருந்து நகக்கண்ணில் உட்கார்ந்திருந்த கரி எந்த சோப்புக்கும் போகாதது, எட்டு மாதத்தில் தானாகப் போய்விட்டது. கல்யாணத்தன்று வெங்கடலட்சுமி முதலில் பார்த்ததே அந்த நகத்தைத்தான் என்று சொல்வாள். மேசைக்கடியில் கையை இழுத்துக்கொண்டேன். யார் பார்த்தார்கள் என்று இப்போது இந்த ஒளிப்பு?

இரண்டாவது ஆளைத் திருமூர்த்தியே அறிமுகம் செய்ய எழுந்தார். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, மேலே பூட்டுகிற பொத்தானையும் பூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல நின்றான். "இவுரு பேரு குழந்தைவேலுங்க. சொந்த ஊரு கிணத்துக்கடவுங்க. அப்பா தென்னந்தோப்பு பாத்துக்கறாரு, அம்மா நாச்சியம்மாள நம்ம கண் முகாமுக்கு வந்தவீங்கள்ல பாதிப் பேத்துக்குத் தெரியுமுங்க, அவங்க தோட்டத்துலதான் நாம மோர் குடிச்சது." ஆமாம், குடித்தோம், கொத்தமல்லி போட்ட மோர், இவன் அவர் மகனா, பரவாயில்லையே. "ஒரு பையன், மிதுன், ஒண்ணாங் கிளாஸ் போறானுங்க. ரத்தம் வேணும்னு போன் பண்ணுனா, ஆளுகள வேன்ல ஏத்திட்டு இவுரே வந்து நிப்பாருங்க, காரணம் கேக்க மாட்டாருங்க." நல்லது, நல்லது, சீக்கிரம் முடியுங்கள், சுற்று வந்து தொலையட்டும், கிடங்கு என்றே சொல்லிவிடலாம், கிடங்கு ஒரு தொழில் இல்லையா, அரிசிக் கிடங்குக்காரன் தொழில்காரன் இல்லையா... "நம்ம சங்கத்துக்கு இவுரு வார்ப்படத் தொழில்ல வாராருங்க. கிணத்துக்கடவுல சொந்தமா ஃபவுண்டரி நடத்தறாரு."

கைதட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள், என் கையும் தட்டியது. வார்ப்படம் என்று தெளிவாகத்தான் சொன்னார், ஃபவுண்டரி என்று இன்னொரு தரமும் சொன்னார், என் காதில் கோளாறு இல்லை. நான் ஹாலைப் பார்த்தேன். யாராவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே, என்னங்க இது, வார்ப்படத்துக்குத்தான் சென்னகிருஷ்ணன் இருக்கிறாரே, சட்டம் என்ன ஆச்சு என்று ஒரு புருவமாவது உயர வேண்டுமே? பஷீர் மேலே ஃபேனைப் பார்க்கிறார். கோபாலசாமி போண்டாவைப் பிட்டு வெங்காயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார், வெங்காயம் என்றால் உயிரை விடுகிறவர். ஒருவர்கூடத் திரும்பவில்லை. இத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி திரும்பாமல் இருக்க வேண்டும் என்றால் இத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அட முட்டாளே... தெரியாமல் எப்படி இருக்கும்? வார்ப்பு அச்சுக்குப் பேட்டர்ன் செய்ய மரம் யாரிடம் வாங்கினாய், பஷீரிடம்தானே, ஆவணிக்கு அப்புறம் அவர் கடைப்படி ஏறினாயா? கிணத்துக்கடவுப் பள்ளிக்கூடத்துக்குச் சங்கம் கொடுத்த பெஞ்சுக்கால் எல்லாம் நம் வார்ப்பில்தான் போனது, போன மார்கழியில் அடுத்த பள்ளிக்கூடம் வந்தபோது திருமூர்த்தி, "இந்தத் தடவ மரத்துலயே பண்ணிப்போடலாமுங்க, பஷீர் பாய் தர்றேங்கறாரு," என்றார், நானும் மரம் அழகுதான் என்று பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். கோபாலசாமி பதினான்கு வருஷமாக என்னை 'கரிச்சட்டி' என்றுதான் கூப்பிடுவார், வாங்க கரிச்சட்டி, காப்பி குடிங்க கரிச்சட்டி, பெண்டாட்டி எதிரிலேயே கூப்பிட்டு வெங்கடலட்சுமி முகம் சுளித்திருக்கிறாள், அந்தப் பெயர் எப்போது நின்றது? நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை, சர்க்கரையும் முழங்காலும் பேசிக்கொண்டிருந்தேன். ஓட்டம் எப்படிங்க, ஆர்டர் எப்படிங்க என்று ஒருத்தர் கேட்கவில்லை, நான் என்னவோ சாமர்த்தியமாக ஒளித்துவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு... வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது, என்னை வைத்துக்கொண்டே எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள், எப்போது பேசினார்கள், நான் திருப்பதி போயிருந்த வாரமா? என் தொழிலை எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நாற்காலி இதோ கீழே இருக்கிறதே, எடுக்கவில்லையே, போன வாரம்கூட முகாமுக்கு வேன் எத்தனை மணிக்கு வரச்சொல்லட்டும் என்று என்னைத்தானே கேட்டார்கள்? சோடா கம்பெனிக்காரருக்குச் சால்வை போட்டவர்கள் எனக்கு ஏன் போடவில்லை? கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் ஆறிப்போன போண்டாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சுற்று ஆரம்பித்துவிட்டது. திருமூர்த்தி, காங்கேயம், தேங்காய் எண்ணெய், கைதட்டு. பஷீர், கோட்டைமேடு, மரக்கடை, கைதட்டு. மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து வருகிறது, எழுந்து போகிறார்கள், ஜாஹிதாவுக்கு ஒரு வணக்கம், அந்தப் பையனுக்குக் கை, மூன்று சொல், கைதட்டு. பையன் ஒவ்வொரு தொழிலையும் உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான், மறந்துவிடக் கூடாதாம். என் முறை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நடந்தேன், கால் ஒழுங்காகத்தான் நடந்தது. ஜாஹிதாவுக்குக் கும்பிட்டேன். பையனின் கையைப் பிடித்தேன், சூடான, சொரசொரப்பான கை, குனிந்து பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் கரி. "சென்னகிருஷ்ணனுங்க," என்றேன், அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் கைதட்டு. முதலில் கோபாலசாமியின் கை, அந்தத் தட்டல் எனக்குத் தெரியும், அப்புறம் பஷீர், அப்புறம் ஹால் முழுக்க, மழை பிடித்த மாதிரி. ஊரைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டாம், உட்காருங்கள், போதும் என்கிற கைதட்டு, இதையும் பேசிவைத்திருக்கிறார்கள், எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். திரும்பி உட்கார்ந்திருப்பேன். கை வரவில்லை, பையன் விடவில்லை.

"ஏனுங்ணா, ஊரும் தொழிலும் சொல்லுலீங்களே?" என்றான். பாவம், அவனுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. எல்லாரும் மூன்று சொல் சொன்னார்கள், இந்த ஆள் மட்டும் ஒன்றோடு நிறுத்திவிட்டாரே என்று நிஜமாகவே கேட்கிறான். கைதட்டு அங்கங்கே நின்று கடைசியில் ஃபேன் மட்டும் டக்கென்றது. திருமூர்த்தி மைக்குக்கு வாயைக் கொண்டுபோவது ஓரக்கண்ணில் தெரிந்தது, அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி மூடிவிடுவார், அதற்கு முன்னால்... "கணபதிங்க," என்றேன். "வார்ப்படமுங்க. போன ஆவணியோட மூடிப்போட்டனுங்க." முகாமில் பேசுகிற குரலிலேயே வந்துவிட்டது, கீழே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். பையன் ஐயோ என்று சொல்லவில்லை, அப்படிங்களா என்றுகூடச் சொல்லவில்லை, கொஞ்சம் பக்கத்தில் வந்தான். "அச்சு மணலு எங்கிருந்துங்க எறக்குனீங்க? எனக்கு வார லோடு ஈரமே நிக்க மாட்டேங்குதுங்ணா, பாக்ஸத் தூக்குனா பொலபொலன்னு உதுருது." கரூர் மணல் என்றேன், உன் மணலில் களிமண் போதவில்லை, தண்ணீரைக் கூட்டாதே, களியைக் கூட்டு, கையில் பிடித்துப் பார், விரல் தடம் நிற்க வேண்டும் என்றேன், இடது கையை மூடித் திறந்து காட்டினேன். எட்டு மாதமாக ஒருத்தர் என்னிடம் மணலைப் பற்றிக் கேட்கவில்லை.

சுற்று எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஒரே தொழில்காரர் இரண்டு பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் பயந்தார்களோ அதுதான் நடந்துகொண்டிருந்தது, சபை நடுவில். அடுத்த முறை கோபாலசாமியுடையது, அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் கைகட்டி நின்றிருப்பது மூச்சில் வெங்காயமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "நகருங்க கரிச்சட்டி, மத்தவீங்களும் பேரச் சொல்லோணுமில்லீங்க," என்றார். நகர்ந்தேன். நாற்காலியைப் பார்த்து நடந்தேன், தள்ளிவிட்டுப் போன இடத்தில் கோணலாக நின்றது, இனி அது எந்தத் தொழிலின் நாற்காலி, வார்ப்படத்துக்குத்தான் ஆள் வந்துவிட்டதே, சனிக்கிழமை வேனுக்கு நான் வரலாமா என்று திருமூர்த்தியிடம் கேட்க வேண்டும், கேட்டால் சட்டத்தைச் சொல்வாரோ, கேட்காமலே விட்டால் இவர்களும் கேட்க மாட்டார்கள், இப்படியே வருஷக்கணக்காக... இத்தனை பேரும் தெரிந்ததை என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான்தான் ஒளிக்கிறேன் என்று இருந்துவிட்டேன். உட்காரும்போது, அந்தப் பையன் களி எத்தனை பங்கு என்று கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது, நானும் சொல்லவில்லை.